மலர் சொன்னதும் நான் சொல்லாததும்

வாசிகசாலைக் கூட்டம் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது மாலை ஐந்து மணி இருக்கும். தோளில் பொன்னாடை. கூட்டத்தில் மூன்று பேர் என்னைப் பற்றிப் பேசியிருந்தார்கள். மூன்று பேரும் நன்றாகவே பேசியிருந்தார்கள். அதையெல்லாம் மலருக்கு எந்த ஒழுங்கில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே படலையைத் திறந்தேன்.

மலர் என் மனைவி. குசினி வாசலில் கதிரையைப் போட்டு, முன்னுக்குக் குனிந்தபடி இருந்தாள். மடியில் உடுப்பு ஊறவைக்கிற பேசின். நீலத் துவாய் ஒன்றைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துப் பிடித்திருந்தாள். நீலத் துணியில் இரத்தம் கறுப்பாகத் தெரியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

அவள் தலையை நிமிர்த்தினாள். உதடு வெளுத்திருந்தது. துவாயை எடுத்துவிட்டு, "நிக்குதில்லை" என்றாள். அந்த ஒரு சொல்லோடு வாயோரத்தால் இரத்தம் வழிந்து நாடியில் இறங்கியது.

பேசினுக்குள் எட்டிப் பார்த்தேன். பார்த்ததை எழுத வேண்டாம்.

சட்டைப்பையிலிருந்த தொலைபேசியை எடுத்தேன். கூட்டத்துக்காக அதன் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். வீட்டிலிருந்து மூன்று அழைப்புகள் வந்திருந்தன. முதலாவது வந்து இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது.

இந்த வாரம் வேறு கதை

கடந்த சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்துச் சம்பவங்களை எழுதி வந்தேன். வாசகர்கள் பலர் ரசித்துக் கடிதம் போட்டிருந்தார்கள். 'உங்களைப் போல நேர்மையான ஆட்கள் இப்போது இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

இது நடந்த பிறகு, அந்தக் கடிதத்தை மலர்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். என் கண்ணாடி அகப்படவில்லை. முழுவதையும் வாசித்துவிட்டு, மடித்து மேசையில் வைத்து, உலை கொதிக்கிறது என்று எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு எனக்கு நீதிமன்றக் கதை எழுத வரவில்லை. அந்த வாசகருக்கு நான் ஒரு பதில் எழுத வேண்டும். அதுதான் இது.

நம்பர் துண்டு

மலருக்குக் கீழ்வரிசையில் கடைவாய்ப் பல் ஒன்று சூத்தை விழுந்து பாதி உடைந்திருந்தது. இரண்டு கிழமையாகக் கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு திரிந்தாள். சோற்றை ஒரு பக்கத்தால் மட்டும் மென்றாள். 'பிடுங்கினால் சுகம்' என்று நான்தான் முடிவு சொன்னேன்.

எங்கள் பக்கத்து அரச வைத்தியசாலைக்கு முதல் நாள் போனபோது நம்பர் துண்டு முடிந்துவிட்டது. அடுத்த கிழமை வேளைக்கே வெளிக்கிட்டோம். மலர் கைப்பைக்குள் தன் கிளினிக் கொப்பியை வைக்கப் போனாள். மாதாமாதம் வைத்தியசாலைக் கிளினிக்கில் அவளைப் பார்க்கிறவர்கள் எழுதிக் கொடுக்கிற கொப்பி அது. பல்லுப் பிடுங்கப் போகிற இடத்தில் அது எதற்கு என்று கேட்டேன். அவள் அதைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள்.

அன்று இரண்டு மணிக்கு எனக்கு வாசிகசாலையில் பாராட்டுக் கூட்டம். அதற்கு முன் இந்த வேலை முடிய வேண்டும். எனக்கு இருந்த அவசரம் அவ்வளவுதான். சின்ன அவசரம்.

பல் வைத்தியர் தென்பகுதியிலிருந்து வந்த இளம் பெண். இங்கே மாற்றலாகி நாலைந்து மாதம்தான். 'வாயைத் திறவுங்கோ', 'நோகுதா' என்ற அளவில் தமிழ் பேசுவார். வழக்கமாக அவருக்குப் பேசி விளங்கப்படுத்தும் தாதி அன்று வேறு அறையில் நின்றார். நான் முன்னுக்கு வந்து, முப்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்த்தவன் என்று சிங்களத்தில் சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு சுத்தமான சிங்களத்தைத் தன் சொந்த ஊரில்கூடக் கேட்டதில்லை என்றார்.

அந்தப் புகழ்ச்சி எனக்குத் தலைக்கு ஏறியது. இன்றைக்கு எண்ணிப் பார்த்தால், அதற்குப் பிறகு அந்த அறையில் நான் மலரின் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

வைத்தியர் ஒவ்வொன்றாகக் கேட்டார். சீனி வருத்தம் உண்டா, பிறஷர் உண்டா, இதய வருத்தம் உண்டா, இரத்தம் உறையாமல் இருப்பதற்கு ஏதும் குளிசை எடுக்கிறாரா, ஊசி மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா. ஐந்து கேள்வி. நான் அதை ஒன்றாக்கினேன்.

"வேறை வருத்தம் ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறா."

மலர் சொன்னாள்: "பிறஷர் இருக்கு. பேந்து, இதயத் துடிப்புக்கு எண்டு கிளினிக்கிலை ஒரு குளிசை தாறவை. பின்னேரத்திலை போடுறனான். அதையும் சொல்லுங்கோ."

எனக்கு நன்றாக விளங்கியது. இதயம் என்று வாய் திறந்தால் கிளினிக்கிலிருந்து கடிதம் கொண்டுவரச் சொல்வார்கள். இரத்தம் சோதிக்கச் சொல்வார்கள். இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். வெளியே வாங்கில் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். எனக்கு இரண்டு மணிக் கூட்டம்.

"உது இப்ப தேவையில்லை" என்று மலருக்குச் சொன்னேன். வைத்தியர் பக்கம் திரும்பி, பிறஷர் மட்டும்தான், அதுவும் கட்டுப்பாட்டில் இருக்கிறது, வேறு மருந்து ஒன்றும் எடுப்பதில்லை என்று சிங்களத்தில் சொன்னேன்.

மலர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். வைத்தியர் திறக்கச் சொன்னதால் திறந்தாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு சொல்லும் விடாமல்

நீதிமன்றத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருகிற பாடம் ஒன்று உண்டு. சாட்சி 'நான் கண்டேன்' என்றால் மொழிபெயர்ப்பாளனும் 'நான் கண்டேன்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் கண்டாராம்' என்று சொல்லக்கூடாது. சாட்சி தூஷணம் பேசினால் அதையும் அப்படியே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

ஒருமுறை கரையோரத்துக் கிழவர் ஒருவர் எதிராளி தன்னைப் பேசிய பேச்சைக் கூண்டில் நின்று ஒப்புவித்தார். முழுவதும் கெட்ட வார்த்தை. நான் கூசாமல் ஒவ்வொன்றுக்கும் ஒத்த சிங்களச் சொல் தேடிச் சொன்னேன். பெண் சட்டத்தரணிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நீதிபதி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

இதை நான் எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறேன். அன்று வாசிகசாலையிலும் சொன்னேன். நான் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கிய நேரத்துக்கும் மலர் எனக்கு எடுத்த இரண்டாவது அழைப்புக்கும் அதிக வித்தியாசம் இருந்திருக்காது.

அப்போதிக்கரியார்

பல் கழன்ற பிறகு வைத்தியர் நெடுநேரம் விளக்கினார். பஞ்சுத் துணியை ஒரு மணித்தியாலம் இறுக்கிக் கடித்திருக்க வேண்டும். இன்று முழுவதும் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, எதையும் உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. சூடாக ஒன்றும் வேண்டாம். மெதுவான சாப்பாட்டை மற்றப் பக்கத்தால் சாப்பிட வேண்டும். காயத்தை நாக்காலோ விரலாலோ நோண்டக் கூடாது. படுக்கும்போது தலையை உயர்த்தி வைக்க வேண்டும். நாளைக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாய்க்குள் வைத்து மெதுவாக விடலாம். இரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் அரை மணித்தியாலம் கடிக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் உடனே வரவேண்டும்.

கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். நான் மலருக்குச் சொன்னது இவ்வளவுதான்: பஞ்சைக் கடித்துக்கொண்டு இரும், சூடாகக் குடிக்க வேண்டாம், மிச்சம் இந்தத் துண்டில் கிடக்கிறது. தமிழில் அச்சடித்த துண்டு ஒன்று தந்திருந்தார்கள். மலர் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

பல்லைப் பற்றி எனக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை என்று நான் நம்பியதற்கு ஒரு பழைய கதை உண்டு.

எனக்கு நாற்பது வயது ஆகாத காலம். போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தோம். அங்கே அரச வைத்தியசாலையில் உதவி வைத்தியராக இருந்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவர், தானும் இடம்பெயர்ந்து வந்தவர், மாமரத்துக்குக் கீழே வாங்கு போட்டு ஆட்களுக்கு மருந்து கட்டுவார். பல்லும் பிடுங்குவார். விறைப்பு ஊசி தட்டுப்பாடு. என் பல்லை அரை விறைப்பில் பிடுங்கினார். பிடுங்கிவிட்டு, நாளைவரைக்கும் வாயை அலசாதே, காயத்துக்கு மூடி அந்த இரத்தக்கட்டிதான் என்று சொன்னார்.

நான் கேட்கவில்லை. வாய் முழுக்க இரத்த நாற்றம். சுடுதண்ணீரில் உப்புப் போட்டு அன்றைக்கே நாலு தரம் கொப்பளித்தேன். மூன்றாம் நாள் தாடையிலிருந்து காதுவரைக்கும் ஒரு குத்து எழும்பியது. பத்து நாள் நித்திரையில்லை. அப்போதிக்கரியார் என் தாடையை உடைத்துவிட்டார் என்று பாடசாலை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நல்லாகக் கதைக்கத் தெரிந்தவன் நான். ஆட்கள் நம்பினார்கள். மாமரத்தடியில் நின்ற வரிசை குறைந்துபோனது. அந்த மனிதர் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் வாங்கைத் துடைத்துப் போட்டுவிட்டு வெறுமனே இருப்பார்.

உப்புத் தண்ணீர்தான் என்னைக் காப்பாற்றியது என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன். அந்த இரத்தக்கட்டியை நானே கழுவிவிட்டதால்தான் எலும்பு திறந்து அப்படி நொந்தது என்பது மலருக்கு இது நடந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அப்போதிக்கரியார் இறந்து எவ்வளவோ காலம். அவருடைய பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. இதைச் சொல்லுவதற்கு ஆளில்லை.

உப்புத் தண்ணீர்

வீட்டுக்கு வந்தோம். துண்டில் கிடந்தபடி மலர் ஒரு மணித்தியாலம் பஞ்சைக் கடித்திருந்தாள். எடுத்தபோது காயம் அடங்கியிருந்தது. இலேசான கசிவுதான்.

நான் கூட்டத்துக்கு வெளிக்கிட வேட்டி கட்டிக்கொண்டிருந்தேன். போக முன் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போவோம் என்று நினைத்து, கேத்தலில் தண்ணீர் சுடவைத்து, உப்பைப் போட்டுக் கலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றாக அலசித் துப்பும்படி சொன்னேன்.

மலர் கைப்பையிலிருந்து துண்டை எடுத்து விரித்துக் காட்டினாள்.

"இண்டைக்குக் கொப்பளிக்க வேண்டாமெண்டு இதிலை கிடக்குது."

"நான் சொல்லுறன். அலசும்" என்றேன்.

அவள் அலசினாள். கிணற்றடியில் நின்று மூன்று தரம் அலசித் துப்பினாள். நான் பக்கத்தில் நின்று, இன்னும் ஒருக்கா என்று சொன்னேன். நாலாவது தரம் துப்பியபோது தண்ணீர் சிவப்பாக வந்தது. அழுக்கு இரத்தம் போகட்டும் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

கொப்பி இருந்த இடம்

ஐந்து மணிக்கு, அந்தப் பேசினுக்கு முன்னால், மலரின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்து வளவு யோகம் அக்கா வேலியில் இருந்த பொட்டுக்குள் நுழைந்து வந்தார். மலரோடு மாதாமாதம் கிளினிக்குக்குப் பேருந்தில் போய் வருகிறவர் அவர்.

யோகம் அக்கா ஒருதரம்தான் பார்த்தார்.

"தம்பி, மலர் இரத்தம் உறையாமல் இருக்கிற குளிசையெல்லோ போடுறவள். பல்லு டொக்டரிட்டைச் சொன்னனீங்களோ?"

யோகம் அக்கா பதிலுக்கு நிற்கவில்லை. நேரே அறைக்குள் போய், அலுமாரியின் இரண்டாம் தட்டில் சேலைகளுக்குக் கீழே கையை விட்டு, கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் அலுமாரியில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கொஞ்சக் காலத்துக்கு முன் மலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போயிருந்தது. இரத்தம் கட்டிபட்டு மூளைக்குப் போய்விடக்கூடாது என்று அந்தக் குளிசையைக் கொடுத்திருந்தார்கள். மலர் அதை என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டு 'ஓம்' சொல்லியிருப்பேன். ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு, சாமி விளக்கைக் கொளுத்திவிட்டு, எனக்கு முன்னால் நின்றுதான் அதைப் போடுவாள். சின்னக் குளிசை. இளஞ்சிவப்பு நிறம்.

யோகம் அக்கா சுத்தமான துணியை மடித்து மலரின் காயத்தில் வைத்துக் கடிக்கச் செய்தார். தலையை நிமிர்த்தி இருத்தினார். ஒழுங்கையில் நின்ற ஓட்டோவைக் கூப்பிட்டார். நான் ஏறினேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த வைத்தியர் தமிழர், இளைஞர். கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் குளிசை எடுப்பதைப் பல் வைத்தியரிடம் சொல்லவில்லையா என்று கேட்டார். மலரைப் பார்த்துத்தான் கேட்டார். மலரின் வாயில் துணி. அவளால் பேச முடியாது.

நான் சொன்னேன்: "அவவுக்கு மறந்துபோச்சுப் போலை, டொக்டர்."

இவ்வளவையும் எழுதிவிட்டேன். இந்த ஒரு வசனத்தை எழுதுவதற்குத்தான் மூன்று நாள் எடுத்தது.

மலர் தலையை ஆட்டி மறுத்திருக்கலாம். கையால் என்னைக் காட்டியிருக்கலாம். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பார்த்தாள். பொன்னாடை இன்னும் அங்கேயே கிடந்தது. அதை இழுத்துச் சுருட்டிக் கக்கத்துக்குள் வைத்தேன். வைத்தியர் ஏதோ எழுதினார். மலரைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள்.

ஏழாம் கட்டில்

காயத்தில் மருந்து நனைத்த பஞ்சை வைத்து அமத்தி, இரண்டு தையல் போட்டு இரத்தத்தை நிற்பாட்டினார்கள். அவளுடைய இரத்தம் உறைவதற்கு அளவுக்கு மிஞ்சி நேரம் எடுக்கிறதென்று சோதனையில் தெரிந்தது. இரண்டு நாள் வாட்டில் வைத்திருந்து பார்க்க வேண்டும் என்றார்கள். இப்படியானவர்கள் பல்லுப் பிடுங்கக் கூடாது என்றில்லை, முன்கூட்டியே தெரிந்தால் இரத்தத்தைச் சோதித்து, தையல் போட்டு, பயமில்லாமல் செய்யலாம் என்று அந்த இளைஞர் எனக்கு விளங்கப்படுத்தினார். முன்கூட்டியே தெரிந்தால்.

அடுத்த நாள் முற்பகல் பல் வைத்தியர் வாட்டுக்கு வந்தார். ஏழாம் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். மலர் தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தாள். கன்னம் வீங்கி நீலம் பாரித்திருந்தது.

வைத்தியரின் கண் சிவந்திருந்தது. அவர் மலரின் கையைப் பிடித்தார். தமிழில் ஏதோ தொடங்கினார், வரவில்லை. என் பக்கம் திரும்பி, தான் சொல்வதைத் தயவுசெய்து ஒன்றும் விடாமல் அம்மாவுக்குச் சொல்லும்படி கேட்டார்.

பிறகு சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

"என்னை மன்னிக்க வேணும் அம்மா. நான் குளிசைகளைப் பற்றிக் கேட்டனான் எண்டுதான் நினைக்கிறன். ஆனால் உங்களுக்கு விளங்கிற மாதிரிக் கேக்கேல்லைப் போலை. கொப்பியை வாங்கிப் பாத்திருக்க வேணும். அது என்ரை பிழை. இரவு முழுக்க அதைத்தான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான்."

ஒரு சொல்லும் விடவில்லை. பழைய பழக்கப்படி 'நான்' என்றே சொன்னேன். 'என்ரை பிழை' என்று என் வாயால் வந்தது, ஆனால் அது அந்தப் பிள்ளையின் பேச்சு.

மலர் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, வாயை அதிகம் திறக்காமல் சொன்னாள்.

"மன்னிப்புக் கேக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அவ வடிவாத்தான் கேட்டிருப்பா."

சொன்னேன்.

"நான் குளிசையைப் பற்றிச் சொன்னனான். என்ரை மனுசன் அதை உங்களுக்குச் சொல்லேல்லை. கொப்பளிக்க வேண்டாமெண்டு துண்டிலை கிடந்ததை நான் காட்டினனான். அதையும் அவர் கேக்கேல்லை. உதையும் சொல்லுங்கோ."

வாட்டில் ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரிக்குச் சாப்பாட்டுப் பார்சல் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியர் என் வாயைப் பார்த்தபடி நின்றார். மலர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, நான் சொல்லி முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.

அவளுக்கு நோகிறதாம், தையல் இழுக்கிறதாம் என்று எதையாவது சொல்லியிருக்க என்னால் முடியும். அந்த எண்ணம் எனக்கு வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சிங்களத்தில் சொன்னேன். 'நான் சொன்னேன். என் கணவர் அதை உங்களுக்குச் சொல்லவில்லை.' முழுவதையும் சொன்னேன்.

வைத்தியருக்கு உடனே விளங்கவில்லை. மலரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கணவர் நீங்கள்தானே?

ஓம் என்றேன். தமிழிலேயே சொன்னேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையை எடுத்து, மலர் சொல்ல மறந்ததாக அவசரப் பிரிவில் நேற்று எழுதியிருந்த வரியை வெட்டி, அதற்கு மேலே வேறு ஒன்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பிறகு வாட்டுத் தாதியைக் கூப்பிட்டு, இனி அம்மாவிடம் கேட்பதை எல்லாம் நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றார். எனக்கு இடம் விட்டு நிற்கும்படி மரியாதையாகக் கைகாட்டினார்.

நான் விறாந்தைக்குப் போய் நின்றேன். உள்ளே மலர் பேசுவது கேட்டது. தன் குளிசைகளின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். காலையில் எது, பின்னேரம் எது, எந்த மாதத்திலிருந்து எந்த அளவு. ஒன்றிலும் தடுமாறவில்லை.

குழைசோறு

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இம்முறை எல்லாவற்றையும் தாதி மலருக்கே சொல்லியிருந்தார். குளிசையைத் தானாக நிற்பாட்டக் கூடாது, கிளினிக் வைத்தியர் சொன்ன அளவில் தொடர வேண்டும். நோவுக்குத் தந்த குளிசையைத் தவிரக் கடையில் வேறு நோக்குளிசை வாங்கிப் போடக் கூடாது. தையலுக்கு ஒரு கிழமையில் வரவேண்டும். மலர் எனக்குச் சொன்னாள், நான் கேட்டேன்.

சோற்றைக் குழைய விட்டு, பருப்பைக் கடைந்து, ஆறவைத்துக் கொடுத்தேன். முதல் நாள் உப்பில்லை. அவள் அப்படியே சாப்பிட்டாள். உப்பைக் கையில் எடுக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அவளே கொஞ்சம் எடுத்துப் போட்டாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதை எழுதுவதில் பயனில்லை. நீளமாகக் கேட்டேன், அதுதான் பிழை. மலர் பாதியில் எழும்பிப் போய்க் கோழிகளை அடைத்துவிட்டு வந்தாள்.

நாலைந்து நாளுக்குப் பிறகு, வீக்கம் வற்றியிருந்த ஒரு பின்னேரம், நான் கேட்டேன். நான்தான் தொலைபேசியை எடுக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் இரத்தம் போய்க்கொண்டிருந்தபோது ஏன் யோகம் அக்காவைக் கூப்பிடவில்லை? வேலிக்கு அந்தப் பக்கம்தானே இருந்தார்?

மலர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிற்பாட்டவில்லை.

"கூப்பிடத்தான் எழும்பினனான். அவ வந்தால் ஏன் கொப்பளிச்சனி எண்டு கேப்பா. நீங்கள் சொன்னனீங்கள் எண்டு சொல்ல வேண்டிவரும். அண்டைக்கு உங்களுக்குப் பாராட்டுக் கூட்டம். அதுதான் பேந்து இருந்திட்டன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கீரைத்தண்டை ஒடித்து ஒரு பக்கமாக வைத்தாள்.

அந்தப் பேசினை மடியில் வைத்துக்கொண்டு, எழும்பி, வேலிவரைக்கும் போக யோசித்து, திரும்ப வந்து கதிரையில் இருந்திருக்கிறாள். எனக்காக.

என்னால் அங்கே இருக்க முடியவில்லை. எழும்பி வேலிப் பொட்டால் யோகம் அக்கா வளவுக்குப் போனேன். அவர் முற்றத்தில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியை வீட்டில் வைக்கச் சொன்னதை, குளிசையை மறைத்ததை, கொப்பளிக்க வைத்ததை, அவசரப் பிரிவில் மலரின் தலையில் பழியைப் போட்டதை. இந்தமுறை சுருக்கமாகச் சொன்னேன். அலங்காரம் ஒன்றும் இல்லை.

யோகம் அக்கா மிளகாயைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே கேட்டார். நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அள்ளினார். 'பரவாயில்லை தம்பி' என்று சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "மலர் மத்தியானம் என்ன சாப்பிட்டவள்?" என்று கேட்டார்.

"குழைசோறும் பருப்பும், அக்கா. அரைக் கோப்பைதான் சாப்பிட்டவ" என்றேன்.

"சரி. நான் கஞ்சி வைச்சுக்கொண்டு வாறன். நீங்கள் போய் அவளுக்குப் பக்கத்திலை இருங்கோ."

நான் போய் இருந்தேன்.